அண்ணாமலையில் அத்தை மூட்டிய அடுப்பு

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். 2,668 அடி உயர மலை, அதன் உச்சியில் கார்த்திகை தீபம். பார்க்காமல் இருக்க முடியுமா? ஆனால் இந்த முறை நான் அங்கே படித்து வந்த பாடம் மலை உச்சியில் இல்லை. அத்தை வீட்டுப் பின்கட்டில், விறகடுப்பின் முன்னால், குனிந்து உட்கார்ந்து படித்த பாடம்.

தீபத்துக்கு முதல் நாளே கிளம்பிவிட்டோம். சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகப் பஸ். செஞ்சிக் கோட்டையின் பாறைகளைத் தாண்டிச் சற்று தூரம் போனதும், அதோ தெரிகிறதே என்று யாராவது ஒருவர் எழுந்து நின்று கைகூப்புவார். உடனே பஸ் முழுவதும் "அரோகரா!" திருவிழாக் கூட்டத்துக்காக ஊருக்கு வெளியிலேயே தற்காலிகப் பஸ் நிலையங்கள் போட்டுவிடுகிறார்கள். அங்கிருந்து ஆட்டோ, பிறகு கொஞ்சம் நடை. மழைத் தூறல் வேறு.

அத்தை வீடு அடி அண்ணாமலையில். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் பாதிக்கு மேல் நடந்து, மலைக்குப் பின்புறம் வந்தால் இந்தக் கிராமம். ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் இங்கேதான் இருக்கிறது. ஊர்க்கோடியில் நின்றால் மலை உச்சி நேராய்த் தெரியும்.

அத்தை வீட்டில் காஸ் அடுப்பு இருக்கிறது. ஆனாலும் தீபத்துக்கு இருபது பேர் வந்து தங்கும்போது வெந்நீருக்கும் பெரிய அண்டாச் சமையலுக்கும் பின்கட்டு விறகடுப்புதான். புகைபோக்கி வைத்த, இரண்டு வாய் உள்ள மண் அடுப்பு. 1983-ல் மத்திய அரசு தேசிய அளவில் புகையில்லா அடுப்புத் திட்டம் ஆரம்பித்தது அல்லவா, அந்தக் காலத்தில் மாமா ஆள் வைத்துக் கட்டியது. திட்டம் 2002-ல் முடிந்துவிட்டது. அத்தையின் அடுப்பு மட்டும் வருஷா வருஷம் மண் பூசிக்கொண்டு அப்படியே இருக்கிறது.

ஈர விறகும் என் அவசரமும்

தீபத்தன்று விடியற்காலை நாலு மணிக்குக் கோயிலில் பரணி தீபம் ஏற்றுவார்கள். அந்த நேரத்துக்கு வீட்டிலும் குளித்துவிட்டு விளக்கேற்ற வேண்டும் என்பது அத்தையின் வழக்கம். மூன்று மணிக்கே எழுந்து, "நீங்க படுங்க அத்தை, வெந்நீர் நான் போடறேன்" என்று வீராப்பாய்ச் சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன்.

நகரத்தில் குமிழைத் திருகி அடுப்பேற்றிப் பழகிய கை. நாலு பெரிய கட்டையை உள்ளே தள்ளினேன். நியூஸ் பேப்பரைச் சுருட்டிக் கொளுத்தினேன். பேப்பர் எரிந்தது, சாம்பலாயிற்று, கட்டை சிரித்துக்கொண்டு கிடந்தது. இன்னொரு பேப்பர். புகை அடுப்பு வாய் வழியாகத் திரும்பி வந்து என் கண்ணைக் கரித்தது. கால் மணி நேரம் போயிற்று. எரிச்சலில் சுற்றும் முற்றும் பார்த்தேன். மாடத்தில் ஒரு பாட்டில். அத்தை மகன் பைக்குக்காக வைத்திருந்த பெட்ரோல். "துளியூண்டு தெளிச்சா என்ன?" என்று மூடியைத் திருகினேன்.

மணிக்கட்டை யாரோ இறுகப் பிடித்தார்கள். அத்தை!

"ஏண்டி கண்ணு, உள்ளாற கங்கு இருக்குதா இல்லியான்னு பாத்தியா?"

"எல்லாம் அணைஞ்சு போச்சு அத்தை. புகைதான் வருது."

"நானும் அப்படித்தாண்டி நெனச்சேன்."

அத்தை இடது கை முந்தானையை விலக்கிக் காட்டினார். முழங்கைக்குக் கீழே தோல் சுருங்கி, இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கிறது. சுண்டுவிரலும் மோதிர விரலும் முழுசாய் நீளுவதில்லை. சின்ன வயசில் இருந்து பார்த்த கை. கேட்டால் "அடுப்புல சுட்டுக்கிட்டேன்" என்று முடித்துவிடுவார். அன்றுதான் முழுக் கதையும் சொன்னார்.

அப்போது அத்தைக்கு 22 வயசு. மூத்தவன் மூன்று மாதக் கைக்குழந்தை. தூளியில் பசியோடு அழுகிறான். அடைமழை, ஈர விறகு, மாமியாரின் அதட்டல். அணைந்துவிட்டது என்று நினைத்த அடுப்பில் மண்ணெண்ணெயைச் சாய்த்தார். அடியில் இருந்த கங்கின் சூட்டில் எண்ணெய் ஆவியாகி, ஒரு நொடி சும்மா இருந்து, 'பக்'கென்று பிடித்துக்கொண்டது. சாய்த்த எண்ணெயோடு தீ மேலே ஏறிப் பாட்டிலுக்கே வந்துவிட்டது. கட்டியிருந்தது நைலக்ஸ் புடவை. உருகி, தோலோடு ஒட்டிக்கொண்டது.

"உசுரு போவல. ஆனா பெத்த புள்ளையத் தூக்க மூணு மாசம் ஆச்சுடி. பால் குடிக்க அவனை யாராச்சும் எடுத்தாந்து எம்மேல சாச்சுப் பிடிக்கணும். அந்தப் பாட்டிலைப் பாத்தா எனக்கு இன்னிக்கும் அந்த அழுகைச் சத்தந்தான் காதுல விழுது."

எனக்குப் பேச்சே வரவில்லை. பாட்டிலை மூடி, முற்றத்துக்கு அப்பால் வைத்துவிட்டு வந்தேன்.

மண்ணெண்ணெயாவது ஒரு நொடி பொறுக்கும். பெட்ரோல் அதுவும் பொறுக்காது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் பரவி நம் காலடிக்கே வந்து நிற்கும். குச்சியைக் கிழித்தால் அடுப்பு மட்டுமல்ல, நாம் நிற்கும் இடமும் சேர்ந்து பற்றும். கை கழுவும் சானிடைஸரும் இப்படித்தான். அதில் இருப்பது சாராயச் சத்து. எரியும் ஜுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. எரிகிற அடுப்போ, அணைந்த அடுப்போ, பாட்டிலோடு அதன் பக்கம் போகாதீர்கள்.

அத்தையின் முறை

"நகரு, காட்டறேன்" என்று மணையைப் போட்டு உட்கார்ந்தார் அத்தை. முதல் வேலை, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியது. இரண்டாவது, ஒரு வாளித் தண்ணீரும் ஒரு முறம் மணலும் பக்கத்தில் வைத்தது. அடுப்பு வேலைக்கென்றே ஒரு நூல் புடவை வைத்திருக்கிறார். "நூல் துணி எரிஞ்சா உதறலாம். சிந்தடிக் எரிஞ்சா உரிக்கணும்" என்றார்.

பிறகு நடந்ததை வரிசையாய்ச் சொல்கிறேன்.

சாம்பல்: பழைய சாம்பலை வாரினார். அடுப்பு முழுக்கச் சாம்பல் அடைத்திருந்தால் காற்றுக்கு வழி ஏது? அடியில் மட்டும் விரற்கடை சாம்பல் மெத்தை மாதிரி இருந்தால் போதும், சூடு நிற்கும்.

புகைபோக்கி: ஒரு கொத்துக் காய்ந்த தென்னோலையைக் கொளுத்தி, புகைபோக்கி ஆரம்பிக்கும் இடத்தில் சற்று நேரம் பிடித்தார். நான் எதிர்பார்க்காத வேலை இது. ராத்திரி முழுவதும் குளிர்ந்து கிடந்த குழாயில் கனமான குளிர்காற்று அடைத்துக்கொண்டு நிற்குமாம். அதைச் சூடாக்கி மேலே அனுப்பினால்தான் பின்னாலேயே புகையும் போகும். என் கண்ணைக் கரித்த புகை ஏன் திரும்பி வந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

அடுக்கு: கட்டைவிரல் பருமனில் இரண்டு குச்சிகளைத் தண்டவாளம் போல நீளவாக்கில் வைத்தார். நடுவில் தேங்காய் நார், பன்னாடை. மேலே சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாய், காற்று புகும்படி இடைவெளி விட்டு அடுக்கினார். பெரிய கட்டை எதுவும் இன்னும் உள்ளே போகவில்லை.

பற்ற வைப்பது: தீக்குச்சியை நேரே உள்ளே நீட்டவில்லை. நீளமான ஓலைச் சுருளைக் கொளுத்தி, பக்கவாட்டில் இருந்து நாரின் அடியில் வைத்தார். முகம் அடுப்பு வாய்க்கு நேரே இல்லை, ஒதுங்கியே இருந்தது.

காத்திருப்பது: இதுதான் நமக்கு வராத வித்தை! நார் பிடித்துச் சுள்ளிக்குப் போக வேண்டும். சுள்ளி சடசடவென்று எரிய ஆரம்பித்த பிறகு விரல் பருமன் விறகு. அது கங்கு பிடித்த பிறகு மணிக்கட்டுப் பருமன். "ஒத்தக் கட்டை தூங்கிப் போயிடும். மூணு கட்டை ஒண்ணுக்கொண்ணு முகம் பாத்தாப்பல இருக்கணும். ஒண்ணோட சூடு ஒண்ணை எழுப்பும்" என்றார்.

ஊதுவது: ஊதுகுழலில் மெதுவாய், நீளமாய், தீயின் அடியைப் பார்த்து ஊத வேண்டும். மூச்சை இழுக்கும்போது குழலை வாயிலிருந்து எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் புகையும் சாம்பலும் நேரே நெஞ்சுக்குள் போகும்.

பத்து நிமிஷத்தில் அண்டாவின் அடியில் தீ நாக்கு சுழன்றது. புகையே இல்லை. நான் கால் மணி போராடியதும் அதே விறகோடுதான்!

"ஈர விறகு எப்படி அத்தை எரிஞ்சுது?" என்று கேட்டேன். ஈரமானதை அவர் தொடவே இல்லை. அடுப்பு மேடைக்கு மேலே பரணில் இருந்த விறகை எடுத்திருக்கிறார். விறகைப் பிளந்து, காற்றோட்டமாய் அடுக்கி, மழை படாமல் ஆறு மாதமாவது காயவிட வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க இரண்டு கட்டைகளைத் தட்டிப் பார்க்கலாம். 'டக்'கென்று கணீர் சத்தம் வந்தால் காய்ந்தது; 'தொப்'பென்றால் ஈரம். வெட்டுமுனையில் வெடிப்பு கண்டிருக்கும், கையில் லேசாகவும் இருக்கும். ஈர விறகின் சூட்டில் ஒரு பங்கு அதன் தண்ணீரை விரட்டவே செலவாகிவிடும்; நமக்குப் புகைதான் மிச்சம்.

சவுக்கு, புளி, வேலிக்காத்தான் எல்லாம் எரிக்கலாம். அரளிக் கட்டை மட்டும் கூடவே கூடாது, அதன் புகையே விஷம். பெயிண்ட் அடித்த பலகை, பிளாஸ்டிக் பை, ஒயர் இவற்றையும் தீ மூட்ட உபயோகிக்காதீர்கள்.

மலைமேலும் அதே முறைதான்

மாலை ஐந்து மணியிலிருந்தே ஊர் முழுவதும் தெருவில் நிற்கிறது. வீட்டு வாசல்களில் அகல் விளக்குகளில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டுத் தயாராய் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒருவரும் ஏற்றவில்லை. மலையில் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டில் ஏற்ற வேண்டும்.

ஆறு மணி. கோயிலில் அர்த்தநாரீஸ்வரர் வருஷத்துக்கு ஒரே ஒரு முறை, சில நிமிஷங்களுக்கு மட்டும் வெளியே எழுந்தருளிக் காட்சி தருகிறார். கொடிமரத்துக்கு முன்னால் அகண்ட தீபம் ஏற்றப்படுகிறது. அதே கணத்தில் உச்சியில் ஒரு பொட்டு வெளிச்சம்! பொட்டு வளர்ந்தது, விரிந்தது, ஜோதியாய் நின்றது. "அண்ணாமலைக்கு அரோகரா!" என்று எழுந்த ஒலியில் எனக்கு மேனி சிலிர்த்துவிட்டது.

அந்தக் கொப்பரை ஓர் ஆள் உயரம் இருக்கும். நெய் மட்டும் 3,500 கிலோவுக்கு மேல் ஆகிறது. திரிக்குக் காடாத் துணி 1,000 மீட்டருக்கு மேல். பர்வத ராஜ குலத்தினர் தலைமுறை தலைமுறையாய் இந்தத் திருப்பணியைச் செய்கிறார்கள். கொப்பரையை முதலிலேயே மேலே கொண்டு போய், நெய்யையும் துணியையும் தோளில் சுமந்து ஏறுகிறார்கள். பதினோரு நாள் தீபம் எரிகிறது.

"அவ்வளவு நெய்யையும் ஒரேயடியா கொளுத்தறாங்கன்னு நெனக்கிறியா?" என்றார் அத்தை. "மொதல்ல கற்பூரம். அது திரித்துணியப் பிடிக்கும். துணி நெய்ய உறிஞ்சும். நம்ம அடுப்பாட்டமேதான். சின்னது பெரிசை எழுப்பணும்."

பஞ்சபூதத் தலங்களில் இது அக்னித் தலம். கிரிவலப் பாதையில் எட்டு லிங்கங்களில் தென்கிழக்கில் அக்னி லிங்கம். நம் வீடுகளிலும் சமையல் அறையைத் தென்கிழக்கு மூலையில் வைக்கும் வழக்கம் இருக்கிறதே, நினைத்துப் பார்த்தேன். நெருப்பைத் தெய்வமாக வைத்த ஊரில் அதைக் காவலோடும் வைத்திருக்கிறார்கள். மலையில் மஞ்சம்புல் வளர்ந்து கிடக்கிறது. காய்ந்த நாளில் ஒரு பொறி போதும். தீப நாளில் கற்பூரம், பட்டாசு கொண்டு மலையேறக் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் கண்டிப்புச் செய்வது இதனால்தான். 2024 டிசம்பர் 1-ஆம் தேதி புயல் மழையில் மலைச்சரிவு ஏற்பட்டு 7 பேர் இறந்து போனார்கள். அந்த வருஷம் பக்தர்கள் யாரையும் மலையேற விடவில்லை. திருப்பணி செய்பவர்கள் ஏறி, தீபத்தை மட்டும் தவறாமல் ஏற்றினார்கள்.

கீழே பிள்ளைகள் மாவலி சுற்றினார்கள். பனம்பூக் கரியைப் பொடித்துத் துணியில் கட்டி, மட்டையில் வைத்துச் சுற்றினால் பொறிப் பூ கொட்டும். பார்க்க அவ்வளவு அழகு! அத்தை பேரனுக்கு நூல் சட்டை போட்டுவிட்டு, திறந்த வெளியில், பக்கத்தில் யாரும் இல்லாத இடமாய்ப் பார்த்துத்தான் சுற்ற விட்டார். வாசல் விளக்குகளையும் திண்ணை ஓரத்தில் வைக்கச் சொன்னார். படியில் வைத்தால் சின்னப் பெண்களின் பாவாடை விளிம்பு நேரே விளக்கின் மேல் உரசும்.

கங்கும் கைக்குழந்தையும்

அன்றிரவு குளிர் தாங்கவில்லை. அத்தையின் மருமகள் எட்டு மாதக் குழந்தைக்காரி. குழந்தைக்கு இதமாக இருக்குமே என்று இரும்புச் சட்டியில் கங்கு வாரிக்கொண்டு அறைக்குள் போனாள். ஜன்னலையும் சாத்திவிட்டாள்.

அத்தை பின்னாலேயே ஓடினார். "அம்மாடி, வெளிய எடும்மா அதை!"

"புகையே இல்லியே அத்தே. வெறும் தணல்தானே?"

புகை இல்லாததுதான் ஆபத்து. கங்கிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு வருகிறது. அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் பிராணவாயு இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்காமலே போய்விடலாம். தலைவலி என்று சொல்லக்கூடத் தெரியாத குழந்தை என்ன செய்யும்? மருமகளின் முகம் வெளுத்துவிட்டது. சட்டி முற்றத்துக்குப் போயிற்று. குழந்தைக்கு ஒரு சட்டை கூடுதலாய்ப் போட்டு, அம்மாவின் அணைப்பில் படுக்க வைத்தோம். அதைவிட இதம் எது?

குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போடும் தாய்மார்களும் இதைக் கவனிக்க வேண்டும். அதுவும் கங்குதான், புகைதான். பஞ்சு நுரையீரலுக்கு அது ஆகாது. துண்டால் தலையை நன்றாகத் துவட்டினாலே போதும்.

சமையல் புகையையும் லேசாக நினைக்காதீர்கள். 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகையால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. புகை சூழ்ந்த வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நிமோனியா வரும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. விறகடுப்பைத் தவிர்க்க முடியாவிட்டால் புகைபோக்கியோ, திறந்த ஜன்னலோ கட்டாயம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பு மூட்டவே கூடாது.

பட்டுவிட்டால்?

துணியில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. ஓடினால் காற்றில் தீ வளரும். நின்று, படுத்து, தரையில் உருள வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் கனத்த நூல் போர்வையோ கம்பளியோ போட்டு அமுக்கலாம்.

சுட்ட இடத்தில் குழாய்த் தண்ணீரை 20 நிமிஷம் ஓடவிடுங்கள். ஐஸ் வேண்டாம். இங்க், பற்பசை, மாவு, வெண்ணெய் எதுவும் வேண்டாம். வீங்குவதற்கு முன்னால் வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் லேசாக மூடி, மருத்துவமனைக்குப் போங்கள். 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும். முகம், கை, மூட்டு இவற்றில் பட்டாலோ, பட்டது குழந்தையாக இருந்தாலோ, சின்னக் காயம் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். அத்தைக்கு அன்று மாவைத்தான் அப்பினார்களாம். "தண்ணி ஊத்தினா கொப்புளிக்கும்னு யாரோ சொல்லிட்டாங்க" என்றார்.

மறுநாள் காலை ஊருக்குக் கிளம்பும் முன் பின்கட்டைப் பார்த்தேன். அத்தை அடுப்புச் சாம்பலில் தண்ணீர் தெளித்து, கிளறி, மறுபடி தெளித்துக்கொண்டிருந்தார். சாம்பலுக்குள் கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். குப்பைத் தொட்டியில் கொட்டினால் அதுவே பற்றிக்கொள்ளும்.

மாடத்தில் பெட்ரோல் பாட்டிலைக் காணோம். அத்தை மகன் விடியற்காலையிலேயே அதை வண்டியிலேயே ஊற்றிவிட்டான். கழுவிக் கவிழ்த்த பாட்டிலும் தெருவுக்குப் போய்விட்டது.

"அடுத்த தீபத்துக்கு வருவியா கண்ணு?" என்றார் அத்தை.

"வருவேன் அத்தை. பரணி தீபத்துக்கு வெந்நீர் நான்தான் போடுவேன்."

அத்தை சிரித்தார். நீளாத அந்த இரண்டு விரல்களோடு என் நெற்றியில் விபூதி இட்டார். பஸ் செஞ்சி போய்ச் சேரும் வரைக்கும் நான் மலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.